ஒரே பெயர், மாறும் படம்: ஒரு கேள்விக்குறியின் வரலாறு

சென்ற ஐப்பசி மழைக்காலத்தில் நிகழ்ந்த ஒரு சிறு பிழையிலிருந்து இக்கட்டுரை தொடங்குகிறது. பிழை என்னுடையது. வலியசாலையில் நான் தங்கியிருக்கும் அறையில் அமர்ந்து, வானிலை ரேடார் படத்தைப் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக் காட்டும் ஒரு பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருந்தேன். கடற்கரைப் பேச்சுவழக்கில் காற்றையும் நீரோட்டத்தையும் குறிக்கும் சொற்களைத் தொகுக்கும் களப்பணிக்கு மழையறிந்து புறப்படுவதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஒரு மாலை, எனக்குச் சொற்கள் சொல்லித்தரும் மீனவ அண்ணன் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "படத்துல என்ன தெரியுது?" என்று கேட்டார். திரையைப் பார்த்துவிட்டு, மேகம் ஏதும் இல்லை என்றேன். அரைமணி நேரத்தில் மழை ஓட்டின் மீது அறைந்து இறங்கியது.

அப்போதுதான் படத்தின் மூலையில் அச்சாகியிருந்த நேரத்தைக் கவனித்தேன். பிற்பகல் 2.50. என் கடிகாரத்தில் மணி ஆறைத் தாண்டியிருந்தது. உடனே திரும்ப அழைத்தேன். வலை ஏற்றும் வேலை முடியாததால் அவர்கள் இன்னும் கரையில்தான் இருந்தார்கள். நல்லவேளை என்பதைத் தவிர அதில் என் பங்கு ஏதுமில்லை.

என் நிரல் நின்றுவிடவில்லை. பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை படத்தின் முகவரியை அது உலாவியிடம் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. "இந்த முகவரிக்குரிய படம் என்னிடம் முன்பே இருக்கிறது" என்று கருதிய உலாவி, பழையதையே மீண்டும் காட்டிக்கொண்டிருந்தது. ஒரே பெயர் என்றால் ஒரே பொருள் என்று அது நம்பியது. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அதை உடைக்கும் தந்திரம் எப்படிப் பிறந்தது, அத்தந்திரம் ஏன் இன்றும் தேவைப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒருமுறை பெற்றதை அருகில் வைத்துக்கொண்டு மீண்டும் பயன்படுத்துவதைக் கணிப்பொறியியலார் கேஷ் என்பர். தமிழில் பதுக்ககம், தற்காலிகச் சேமிப்பு எனப் பலவாறு வழங்குகிறது. இக்கருத்தைத் தெளிவாக முன்வைத்த தொடக்கக் கட்டுரைகளுள் ஒன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மாரிஸ் வில்க்ஸ் 1965இல் எழுதியது. அவர் இட்ட பெயர் "அடிமை நினைவகம்". மெதுவான பெரிய நினைவகத்திலிருந்து எடுத்தவற்றைச் சிறிய விரைவான நினைவகம் ஒன்று தன்னிடம் வைத்திருக்கும். மீண்டும் தேவைப்படும்போது அங்கிருந்தே கொடுக்கும். 1968இல் ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம் 360 மாடல் 85 கணிப்பொறியைப் பற்றி அந்நிறுவனத்தின் ஆய்விதழில் கட்டுரைகள் வந்தபோது, "அதிவேக இடைத்தாங்கி" என்ற நீண்ட தொடருக்குப் பதிலாக "கேஷ்" என்ற சொல்லை இதழாசிரியர் பரிந்துரைத்தார். மறைத்து வைத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த சொல் அது. பெயர் பொருத்தமானது: கேஷ் இருப்பது நிரல் எழுதுவோருக்குத் தெரியவேண்டியதில்லை. முகவரியைச் சொன்னால் பொருள் வரும். எங்கிருந்து வந்தது என்பது மறைவாகவே இருக்கும்.

கணிப்பொறியின் உள்ளே இந்த மறைவு தீங்கற்றது. நினைவகத்தில் ஒன்றை மாற்றுவதும் படிப்பதும் பெரும்பாலும் அதே எந்திரம் என்பதால், மாற்றம் நிகழ்ந்ததை வன்பொருளே அறிந்து கேஷைத் திருத்திக்கொள்ள முடியும். வலையில் நிலைமை வேறு. படத்தை மாற்றுபவர் சென்னையில் இருக்கலாம்; அதன் படி திருவனந்தபுரத்தில் ஒருவரது கைபேசியில் இருக்கலாம். மூலம் மாறியதைப் படி அறிய வழியில்லை. இந்தப் பிளவு முதன்முதலில் துலக்கமாக வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று, வில்க்ஸ் பல்லாண்டுகள் தலைமை வகித்த அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகம் என்பது வரலாற்றின் தற்செயல்.

1991இல் அங்கே ட்ரோஜன் அறை என்ற கூடத்திற்கு வெளியே ஒரு காபிக் குடுவை இருந்தது. பிற மாடிகளிலிருந்து நடந்து வந்து காலிக் குடுவையைக் கண்டு சலித்த ஆய்வாளர்கள், அதை நோக்கி ஒரு கேமராவைப் பொருத்தினர். குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் எழுதிய நிரல்கள் 128க்கு 128 புள்ளிகள் கொண்ட சாம்பல்நிறப் படத்தை ஆய்வகத்தின் கணிப்பொறிகளில் காட்டின. 1993 நவம்பரில் டேனியல் கார்டனும் மார்ட்டின் ஜான்சனும் அப்படத்தை உலகளாவிய வலையில் இணைத்தனர். வலைக்கேமரா என்ற வகைமை அங்கிருந்து தொடங்குகிறது. 2001 ஆகஸ்டு 22 அன்று கேமரா நிறுத்தப்பட்டது.

ஒரு மொழியியல் மாணவியாக எனக்கு இதில் முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று. அதுவரை வலையின் முகவரிகள் பெரும்பாலும் ஆவணங்களைச் சுட்டின. ஆவணத்தின் முகவரி ஏறக்குறைய ஒரு பெயர்ச்சொல்: இன்றும் நாளையும் அதே பொருளைக் குறிக்கும் என்று எதிர்பார்க்கலாம். காபிக் குடுவைப் படத்தின் முகவரியோ "இப்போது", "இங்கே" போன்ற சுட்டுச்சொல். சொல்லப்படும் நேரம் தெரியாமல் அதன் பொருளை அறிய முடியாது. "இப்போது மழை இல்லை" என்ற தொடரைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு மூன்று மணிநேரம் கழித்துப் படித்தால் என்ன ஆகுமோ, அதுவே என் திரையில் நிகழ்ந்தது. கேஷ் சுட்டுச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக வாசிக்கிறது.

இந்தச் சிக்கலை வலையின் நெறிமுறையை வகுத்தோர் அறியாமலில்லை. 1996 மே மாதம் வெளியான எச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே, படத்துடன் அதன் காலாவதி நேரத்தையும் கடைசியாக மாறிய நேரத்தையும் வழங்கி அனுப்புவதற்கான தலைப்புவரிகள் உண்டு. 1997 ஜனவரியில் வந்த 1.1 பதிப்பு, கேஷ்-கன்ட்ரோல் என்ற விரிவான கட்டளைத் தொகுப்பையும், ஒவ்வொரு வடிவத்திற்கும் ஓர் அடையாளக் குறி இடும் முறையையும் சேர்த்தது. வழங்கி எதுவும் சொல்லாவிட்டால் உலாவி தானே ஊகித்துக்கொள்ளலாம். கடைசி மாற்றத்திலிருந்து கழிந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு வரை படியைப் புதியதாகக் கருதுவது வழக்கமான ஊகம். பத்து நாள் மாறாத கோப்பு இன்னும் ஒரு நாள் மாறாது என்பது இதன் தருக்கம். நூலகப் பட்டியலுக்கு இது பொருந்தும். பத்து மணிநேரம் பழுதாகிக் கிடந்து மீண்ட ரேடாருக்குப் பொருந்தாது: மீளும் தறுவாயில் பழைய படத்தைப் பெற்ற உலாவி, அதன்பின் ஒரு மணிநேரம் வரை அதையே புதியதென்று வைத்திருக்கக்கூடும்.

ஆனால் இத்தலைப்புவரிகள் யாவும் வழங்கியை ஆள்பவரின் கையில் இருப்பவை. இணையப் பக்கம் எழுதும் எளியவருக்கு அந்த அதிகாரம் பெரும்பாலும் இல்லை. கல்லூரியோ நிறுவனமோ கொடுத்த சிறிய இடத்தில் கோப்புகளை ஏற்றலாம். வழங்கியின் அமைப்பைத் தொட முடியாது. பிறருடைய படத்தை எடுத்துக் காட்டும் என்னைப் போன்றவருக்கோ அறவே முடியாது. நாம் பேசும் தந்திரம் அதிகாரமற்றவர்களின் கருவியாகவே வளர்ந்தது.

படத்தை அடிக்கடி புதுப்பிக்க 1995இல் நெட்ஸ்கேப் 1.1 இரண்டு வழிகள் தந்தது. ஒன்றில், குறித்த இடைவெளியில் உலாவி முழுப் பக்கத்தையும் மீண்டும் ஏற்றும். மற்றொன்றில், வழங்கி இணைப்பைத் திறந்தே வைத்திருந்து படங்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். முன்னதில் பக்கம் முழுதும் மினுங்கி மறையும். பின்னதில் பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் இணைப்பை வழங்கி தாங்கவேண்டும். 1996 ஆகஸ்டில் வந்த நெட்ஸ்கேப் 3, பக்கத்திலுள்ள படங்களை ஜாவாஸ்கிரிப்ட் மாற்றக்கூடிய பொருள்களாக்கியது. சுட்டி மேலே வந்தால் பொத்தானின் படம் மாறுவது போன்ற அலங்காரங்களுக்கே பெரும்பாலோர் இதைப் பயன்படுத்தினர். வலைக்கேமரா வைத்திருந்தோர், பக்கத்தை ஏற்றாமலே படத்தை மட்டும் மாற்றலாம் என்று கண்டனர். ஆனால் அதே முகவரியை மீண்டும் கொடுத்தால் உலாவி அதே படியைத் தந்தது.

விடை மிக எளிது. முகவரியின் இறுதியில் ஒரு கேள்விக்குறி. அதன்பின் அந்தக் கணத்தின் நேரம். ஜாவாஸ்கிரிப்டில் நேரம் என்பது 1970 ஜனவரி 1 முதல் கழிந்த மில்லிநொடிகளின் எண்ணிக்கை. இன்று அது 13 இலக்க எண். கேள்விக்குறிக்குப் பின் வருவதும் முகவரியின் பகுதியே என்பது வலையின் இலக்கணம். எனவே உலாவிக்கு ஒவ்வொரு முறையும் அது முன்பு காணாத புதுப்பெயர், கேட்டே ஆகவேண்டும். மறுபுறம், கோப்பை அப்படியே எடுத்துக் கொடுக்கும் வழங்கி பொதுவாக அந்த எண்ணைப் பொருட்படுத்துவதில்லை. அதே படத்தைக் கொடுத்துவிடும். ஒரு பெயரின் வால் ஒருவருக்குப் பொருளுள்ளதாகவும் மற்றவருக்குப் பொருளற்றதாகவும் இருப்பதே தந்திரத்தின் உயிர். நேரத்திற்குப் பதில் ஏதேனும் ஒரு தற்போக்கு எண்ணை இடுவோரும் உண்டு, பயன் ஒன்றே. ஒருவர் பக்கத்தின் மூலநிரலை மற்றொருவர் பார்த்து எழுதும் வழக்கால் இது பரவி, பின்னாளில் ஜேக்வெரி போன்ற நிரலகங்களில் ஒரு சொல்லில் இயக்கக்கூடிய வசதியாகவே அமைந்தது.

கேள்விக்குறிக்கு அக்காலத்தில் மற்றொரு வலிமையும் இருந்தது. பல பயனரும் ஒரே இணைப்பைப் பகிரும் நிறுவனங்களில், இடையே ப்ராக்ஸி என்னும் பொதுக் கேஷ் நிற்கும். 1995 ஆகஸ்டு 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபின் நம் கல்விநிலையங்களிலும் இத்தகைய ப்ராக்ஸிகள் இயல்பாயின. ஒரு மெல்லிய இணைப்பை ஓர் ஆய்வுக்கூடம் முழுதும் பங்கிடவேண்டிய இடத்தில் அவை பெரும் கொடை. அவற்றுள் பரவலாகப் பயன்பட்ட ஸ்குவிட், கேள்விக்குறி கொண்ட முகவரிகளைச் சேமிக்க வேண்டாம் என்ற இயல்பமைப்புடனேயே நெடுங்காலம் வந்தது. 1999 ஜூனில் வெளியான நெறிமுறைப் பதிப்பும், வழங்கி காலாவதியைத் தெளிவாகச் சொன்னாலன்றி அத்தகைய விடைகளைப் புதியனவாகக் கருதலாகாது என்றது.

இங்கே கதையில் ஒரு கிளை பிரிகிறது. 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் பட்டை விளம்பரங்கள் தோன்றியபின், ஒரு படம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பது பணத்தின் அளவுகோலாயிற்று. ப்ராக்ஸி ஒரு படியை வைத்துக்கொண்டு நூறு பேருக்குக் கொடுத்தால், விளம்பரத்தாரின் கணக்கில் அது ஒன்றே. எனவே விளம்பர முகவரிகளிலும் மாறும் எண் ஏறியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவிலான படத்தை ஏற்றி வாசகரை எண்ணும் முறைக்கும் இதுவே அடிப்படை. கேமராக்காரர் புதிய படத்தைக் காணக் கேஷை உடைத்தார். விளம்பரக்காரர் மாறாத படத்தையே மீண்டும் மீண்டும் கேட்கவைத்துத் தலைகளை எண்ணக் கேஷை உடைத்தார். செயல் ஒன்று, நோக்கம் நேரெதிர். இந்த வீணடிப்பைத் தவிர்க்க, ப்ராக்ஸிகளே எண்ணிக்கையைத் தொகுத்து அனுப்பலாம் என்று ஜெஃப்ரி மோகலும் பால் லீச்சும் 1997 அக்டோபரில் ஆர்எஃப்சி 2227 என்ற முன்மொழிவை வெளியிட்டனர். அது பரவலாக நடைமுறைக்கு வரவில்லை. எண்ணுபவர் தம் எண்ணிக்கையை இடைநிற்பவரிடம் ஒப்படைக்க விரும்பவில்லை என்றே அதைப் புரிந்துகொள்கிறேன்.

தலைப்புவரிகள் செம்மையடைந்தபின் கேள்விக்குறி ஏன் மறையவில்லை? என் பிழையின் விடை இங்கேதான் இருக்கிறது. உலாவியில் கேஷ் ஒன்றல்ல. வட்டில் இருப்பது நெறிமுறைக்குக் கட்டுப்பட்டது. அதற்கு முன்னால், திறந்திருக்கும் பக்கம் ஏற்கெனவே ஏற்றிய படங்களின் பட்டியல் ஒன்று நினைவகத்தில் இருக்கிறது. எச்டிஎம்எல் தரநிலையே இதனைக் "கிடைக்கும் படங்களின் பட்டியல்" என்று வரையறுக்கிறது. முகவரியே அதன் திறவுகோல். அதே பக்கத்தில் அதே முகவரியை மீண்டும் கொடுத்தால், உலாவி வழங்கியைக் கேட்காமல் அப்பட்டியலிலிருந்தே எடுத்துத்தரலாம். "சேமிக்காதே" என்று வழங்கி தலைப்புவரியில் சொல்லியிருந்தாலும், கேள்வியே வழங்கியைச் சென்றடையாதபோது அதற்குப் பயனில்லை. பக்கத்தை முழுதாக ஏற்றினால் பட்டியல் புதிதாகும். நான் பிற்பகலிலிருந்து பக்கத்தை மூடவே இல்லை.

இன்று ஃபெட்ச் என்னும் இடைமுகத்தில், கேஷைத் தவிர்த்துவிட்டுக் கேள் என்று நேரடியாகவே ஆணையிடலாம். ஆனால் பிறதளத்துப் படத்தை அவ்வாறு எடுத்துக் கையாள அந்தத் தளத்தின் இசைவு வேண்டும். இசைவு கிடைக்காதவருக்குப் பழைய கேள்விக்குறியே துணை.

இதற்கிடையில் தந்திரம் தலைகீழாகவும் திரும்பியது. ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற கட்டமைப்பு, கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைக் கேள்விக்குறிக்குப்பின் தானே சேர்த்துவந்தது. 2011 ஆகஸ்டில் வந்த 3.1 பதிப்பில், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு கைரேகை எண்ணைப் பெயருக்குள்ளேயே பதிக்கும் முறைக்கு மாறியது. உள்ளடக்கம் மாறினால் பெயர் மாறும். பெயர் மாறாதவரை பொருள் மாறாது. எனவே அப்படியை ஓராண்டுகூட அஞ்சாமல் வைத்திருக்கலாம். 2017 செப்டம்பரில் ஆர்எஃப்சி 8246 இத்தகைய பொருளை "மாறாதது" என்று அறிவிக்கும் ஒரு சொல்லையே நெறிமுறையில் சேர்த்தது. கணிப்பியலில் கடினமானவை இரண்டே, கேஷை நீக்குவதும் பெயரிடுவதும் என்று நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய ஃபில் கார்ல்டன் கூறியதாக வழங்கும் ஒரு சொல் உண்டு. இவ்வரலாற்றைப் பார்த்தால் அவை இரண்டல்ல, ஒன்றே என்று எனக்குத் தோன்றுகிறது. சரியாகப் பெயரிடப்பட்டதை நீக்கவேண்டிய தேவையே எழுவதில்லை.

வலியசாலையில் இருந்துகொண்டு இதை எழுதுவதால் ஊர்ப்பெயரைப் பற்றியும் ஒரு சொல். "வலிய" என்பதற்கு மலையாளத்தில் பெரிய என்று பொருள். "சாலை" என்றதும் இன்றைய தமிழ்க் காது தெருவை நினைக்கிறது. காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்று பலர் கருதுவர். அந்தச் சாலை கல்விக்கும் உணவுக்குமான நிறுவனம். 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவருக்கான சாலையை நிறுவியபோது, அதன் ஒழுங்குக்குக் காந்தளூரையே முன்மாதிரியாகக் கொண்டான் என்று செப்பேடு தெரிவிக்கிறது. முகவரி அப்படியே இருக்க, உள்ளிருந்தது மாறிவிட்டது. நேரம் குறிக்காத பெயரை வாசிக்கும்போது நாமும் நம்மிடம் இருக்கும் படியையே எடுத்துப் பொருத்துகிறோம். கல்வெட்டுச் சொல்லுக்கு நூற்றாண்டைக் குறிக்காமல் பொருள் சொல்லலாகாது என்று நாம் மாணவருக்குக் கற்பிப்பது இதனால்தான். ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் இணைய முகவரிக்குப் பின் "பார்வையிட்ட நாள்" என்று எழுதுகிறோமே, அதுவும் அந்தக் கேள்விக்குறிக்குப்பின் நேரம் இடும் அதே செயல்.

இனி என் பக்கத்திற்கு வருகிறேன். மில்லிநொடியை அப்படியே சேர்த்திருந்தால் என் குறை தீர்ந்திருக்கும். ஆனால் பிறருக்குச் சுமை ஏறியிருக்கும். 100 கிலோபைட் படத்தை நொடிக்கு ஒருமுறை கேட்டால் ஒரு மணிநேரத்தில் 360 மெகாபைட். பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டால் 600 கிலோபைட். ரேடார் ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகும் என்பதால் இடையில் கேட்பதில் பயனும் இல்லை. 2017 நவம்பர் 29, 30 நாள்களில் ஒக்கி குமரிமுனைக்கருகே விரைந்து புயலாக வலுப்பெற்றதை இக்கரையோரம் மறவாது. அத்தகைய நாளில் கடற்கரை முழுதும் ஒரே படத்தைக் கேட்கும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மில்லிநொடியின் பெயரால் கேட்டால், இடையில் நிற்கும் பொதுக் கேஷ்கள் யாருக்கும் உதவ முடியாது. முழுச்சுமையும் ஒரு வழங்கியின் தலையில் இறங்கும். எனக்குப் புதியது வேண்டும் என்ற ஆசை, எவருக்கும் எதுவும் கிடைக்காமல் செய்துவிடக்கூடும்.

ஆகவே மில்லிநொடி எண்ணை 6,00,000ஆல் வகுத்து, பின்னத்தை நீக்கி, ஈவை மட்டும் கேள்விக்குறிக்குப்பின் இட்டேன். அந்த எண் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறையே மாறும். ஒரே இடைவெளிக்குள் கேட்கும் எல்லோருக்கும் பெயர் ஒன்று. எனவே ஒரு படி பலருக்கு உதவும். இடைவெளி மாறினால் பெயர் மாறும். பெயர் மாறிய கணத்தில் வழங்கியில் புதுப்படம் வந்திராவிட்டால் பழையதே ஒரு சுற்றுக்குத் தங்கிவிடும் என்பதால், கேட்பதை ஓரிரு நிமிடம் தாழ்த்தியும் வைத்தேன்.

இரண்டாவது மாற்றம் நிரலைவிட எளியது. எந்த எண்ணை இட்டாலும், வந்த படம் எப்போது எடுக்கப்பட்டது என்பதைப் படத்தின் மூலையில் அச்சான நேரம் ஒன்றே உறுதியாகச் சொல்லும். அந்த மூலையைப் பெரிதாக்கிப் பக்கத்தின் மேலே வைத்துவிட்டேன். இப்போது அண்ணன் அழைத்துக் கேட்டால், மேகத்தைச் சொல்லும் முன் நேரத்தைச் சொல்கிறேன். "ஐந்து இருபது படத்தில் மேகம் இல்லை" என்பது நான் பொறுப்பேற்கக்கூடிய வாக்கியம். ஐந்து இருபதுக்குப் பின்னுள்ளதை அவர் வானத்தைப் பார்த்து முடிவுசெய்துகொள்கிறார்.